சின்னவனுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்தும் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் சாவகாசமாகத்தான் வந்தது. கடைமடைக்காரன் பாடு உனக்குத் தெரியாததா! போர் தண்ணீரில் முந்தி நட்ட மேலத்திடலில் புகையான் பூச்சி விழுந்திருக்கிறது. தண்ணீரை வடித்துவிட்டு யூரியாவை நிறுத்தியிருக்கிறேன். பைரித்ராய்டு வகை மருந்து அடித்தால் புகையான் இன்னும் பெருகும் என்று வேளாண்மை அலுவலர் தடுத்துவிட்டார்.

அவரிடம் உன்னைப் பற்றியும் கேட்டேன். பெயர் சொல்லவில்லை. பொங்கலுக்கு வந்தபோது அம்மா கொடுத்த காப்பி டம்ளரை நீ இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய். மருந்து அடிக்கிற வேலையால் நடுக்கம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்தேன். கம்பம் தோட்டத்தில் திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் வந்தால் விடாமல் அடிக்க வேண்டியிருக்கும், பாவம் பிள்ளை என்றேன்.

டப்பாவில் இருக்கும் முக்கோணத்தைப் பார்த்துத்தானே எடுக்கிறாய்? சிவப்பு கடும் விஷம், மண்டை ஓடு போட்டிருக்கும். மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைவு. உங்கள் தோட்டத்தில் பெரும்பாலும் பச்சைதான் என்று நீயே சொன்னாய். பூஞ்சாண மருந்துக்குக் கை இப்படி நடுங்காது, பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தென்றால் நடுங்கும், அதுவும் வியர்வை, எச்சில், கண்பாவை சுருங்குவது எல்லாம் சேர்ந்து வரும் என்கிறார் அவர். உனக்கு அப்படி எதுவும் இல்லை. பொங்கல் லீவில் நீ மருந்தைத் தொடவும் இல்லை. காலையில் நடுங்கிய கை, கடைத்தெருவுக்குப் போய்விட்டு இரவு வந்தபோது நடுங்கவில்லை.

எதற்கும் கையுறை போட்டுக்கொள். வெறும் வயிற்றில் மருந்து அடிக்காதே. காற்றுக்கு எதிரே நிற்காதே. கோலினெஸ்டரேஸ் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறதாம், பார்த்துவிடு. அப்படியே ஈரலுக்கும் ஒன்று பார்த்துக்கொள். மருந்து ஈரலையும் கெடுக்கும் என்கிறார்கள்.

கூட்டுறவு வங்கியில் கிடந்த அக்காவின் நகையை மீட்டவன் நீ. அதை நான் தெருவில் சொல்லாத ஆள் இல்லை. அப்படிப்பட்டவன் இரவு எட்டு மணிக்கு மேல் அம்மா போன் செய்தால் எடுக்காமல் இருப்பது என்ன நியாயம்? காலையில் எடுத்து, "தூங்கிவிட்டேன்" என்கிறாய். எட்டு மணிக்குத் தூங்குகிற பிள்ளையா நீ? வடக்குத் தெருப் பெரியப்பாவும் சீக்கிரம் தூங்குகிறவர்தான். அவர் கை கடைசியில் எப்படி ஆனது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டில் மேலேயும் எழுதித்தான் ஒட்டியிருக்கிறார்கள், உடல்நலத்துக்குக் கேடு என்று. அதில் முக்கோணம் இல்லை, அவ்வளவுதான்.

கையுறையை மறக்காதே. வெறும் வயிற்றில் நிற்காதே.

ஆடிப்பெருக்குக்கு வா. அம்மா சித்திரான்னம் கட்ட உன்னை எதிர்பார்க்கிறாள். லீவு இல்லை என்றால் எழுது, நான் மதுரை வழியாக பஸ் ஏறி வந்துவிடுகிறேன். பரிசோதனைக்கு நானும் கூட வருகிறேன். அம்மாவிடம் திராட்சைத் தோட்டம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா