பரம்பரைக் கணையக் கட்டி நோய்: எங்கள் குடும்பத்துக்கு மரபணுப் பரிசோதனை வேண்டி மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மதுரை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் உசிலம்பட்டி வட்டத்து விவசாயி. என் அண்ணனுக்கு ஆறு வருடம் வலிப்பு மாத்திரை கொடுத்தோம். விடியற்காலையில் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பெற்ற பிள்ளையைத் தெரியாமல் உளறுவார். அண்ணி கருப்பட்டிக் காப்பி கொடுத்தால் கால் மணி நேரத்தில் தெளிந்துவிடுவார். அந்த இனிப்பில்தான் தெளிகிறார் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. கோடாங்கியிடம்கூடப் போனோம். போன வருடம் அப்படி விழுந்தபோது ஒரு செவிலியர் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை 38, மிகவும் குறைவு. கணையத்தில் ஒரு கட்டி இருந்துகொண்டு, சாப்பிடாத நேரத்திலும் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினைச் சுரக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. இன்சுலினோமா என்றார்கள். காப்பீட்டு அட்டையில் அறுவை நடந்து, அண்ணன் இன்று நன்றாக இருக்கிறார்.

ஆனால் அவருக்கு ரத்தத்தில் கால்சியமும் கூடுதல். எம்.இ.என். 1 என்ற பரம்பரை நோய் என்று உறுதியானது. கழுத்தில் இருந்து கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி, கணையம், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி மூன்றிலும் கட்டி வரக்கூடிய நோய் இது. எங்கள் அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வந்தது, குடல் புண் கடைசிவரை ஆறவில்லை. கால்சியம் கூடினால் கல் வரும், இதே நோயில் வரும் காஸ்ட்ரினோமா என்ற கட்டி, வயிற்றில் அமிலத்தைப் பெருக்கி அப்படிப்பட்ட புண்ணை உண்டாக்கும் என்று மருத்துவர் சொன்னபோது அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்று ஊரில் பேசுகிறார்கள். அண்ணன் மகளுக்கு வரன் பார்க்கும் நேரம் இது. உண்மையில் தாய், தந்தை இருவரில் ஒருவரிடம் இருந்தாலே போதும். பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதற்கான மரபணு 1997-லேயே கண்டறியப்பட்டுவிட்டது. அண்ணனிடம் உள்ள பழுது தெரிந்துவிட்டதால் மற்றவர்களுக்கு அந்த ஒன்றைத் தேடினால் போதும். எங்கள் ரத்த சொந்தத்தில் பதினோரு பேர், அதில் ஐந்து பேர் பள்ளிப் பிள்ளைகள். நோய் வெளிப்படாதவர்களின் சோதனைக்கு அட்டை செல்லாது என்கிறார்கள். தனியாரிடம் செய்ய எங்களுக்கு வசதி இல்லை.

அரசு ராஜாஜி மருத்துவமனையில் இவர்களின் ரத்த மாதிரியை எடுத்து, மரபணுப் பரிசோதனையை இலவசமாகச் செய்துதர உத்தரவிட வேண்டுகிறேன். பழுது இல்லாதவர்களை நிம்மதியாக விட்டுவிடலாம். இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் கால்சியம், சர்க்கரை, ஹார்மோன் அளவுகளையும் தேவைப்படும் ஸ்கேனையும் ஒரே இடத்தில் பார்க்க ஏற்பாடு வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன், இது எங்களுக்காக மட்டும் அல்ல. மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரை கூடியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வலிப்பு, உளறல், மயக்கம் என்று யாரைக் கொண்டுவந்தாலும் சர்க்கரை குறைந்திருக்கிறதா என்று அந்த நேரத்திலேயே குத்திப் பார்க்கும்படி நம் மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள் ஐயா. ஒரு சொட்டு ரத்தம்தான். எங்களுக்கு அதற்கு ஆறு வருடம் ஆனது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: அண்ணனின் மருத்துவ அறிக்கைகள், குடும்ப அட்டை நகல், பதினோரு பேரின் பெயரும் வயதும்.