டிஷ்வாஷர் விற்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 செப்டம்பர் 22 முதல் பாத்திரம் கழுவும் மெஷினுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கப்புறம் எங்கள் அபார்ட்மென்ட்டில் மட்டும் நான்கு வீட்டில் புதிதாக வாங்கிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நான்கு வீட்டிலும் போய் நான் கேட்ட முதல் கேள்வி, "மாட்ட வந்த ஆள் தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்த்தாரா?" என்பது. நான்கு பேரும் இல்லை என்றார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் மேடவாக்கத்தில் இருக்கிறோம். 2020 லாக்டவுன் சமயத்தில், வேலைக்கு வருகிற அக்கா வர முடியாமல் போனபோது, 41,000 ரூபாய் கொடுத்து டிஷ்வாஷர் வாங்கினோம். என் அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வாதத்தில் கோணிப்போயிருக்கும். சோப்புத் தண்ணீரில் கை வைத்தால் அன்று ராத்திரி தூக்கம் கிடையாது. ஆனாலும் நான் ஆபீஸ் வேலையாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது சத்தமில்லாமல் போய்ப் பாத்திரம் தேய்த்துவிடுவார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் வாங்கினேன். இந்த மெஷினை ஆடம்பரம் என்று சொல்பவர்கள் அம்மாவின் கையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

மெஷின் மாட்ட வந்த பையன் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, "ஆயிரத்துக்குள்ளதான் இருக்கு மேடம், பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் நம்பிவிட்டேன். டிடிஎஸ் வேறு, கடினத்தன்மை வேறு என்று எனக்கு அப்போது தெரியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்வது டிடிஎஸ். அதில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பதுதான் கடினத்தன்மை. டிஷ்வாஷரின் ஆயுளைத் தின்பது இந்த இரண்டும்தான்.

எட்டாவது மாதம் கண்ணாடி டம்ளர்களைப் பார்த்தால் கஞ்சித் தண்ணீரில் முக்கி உலர்த்தினது போல இருந்தது. ஈர விரலால் துடைத்தால் மறையும், காய்ந்ததும் திரும்ப வரும். பவுடரைக் கூட்டிப் போட்டேன், வேறு கம்பெனியின் கழுவும் மாத்திரைக்கு மாறினேன், ஒன்றும் நடக்கவில்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், அரை மூடி எலுமிச்சையை அந்த டம்ளரில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை போய்விட்டால் அது உப்புப் படிவு, சரிசெய்துவிடலாம். போகவில்லை என்றால் கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது, அதை மீட்க வழியில்லை. எனக்குப் போனது. அப்போதே காரணத்தைத் தேடியிருந்தால் மெஷினும் பிழைத்திருக்கும்.

நான்காவது வருஷம் தண்ணீர் சூடாவது நின்றுவிட்டது. மாத்திரை பாதி கரையாமல் கீழே கிடக்கும், சாம்பார்ப் பாத்திரத்தில் எண்ணெய் அப்படியே இருக்கும். வந்த மெக்கானிக் மெஷினை வெளியே இழுத்துப் படுக்கவைத்து அடியில் இருந்து ஒரு பாகத்தைக் கழற்றி, சமையலறைத் தரையில் விரித்த பேப்பர் மேல் வைத்தார். இப்போது வருகிற பல மெஷின்களில் பம்பும் ஹீட்டரும் ஒரே பாகம். அதன் வாயில் டார்ச் அடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். பழைய வெந்நீர்த் தவலையின் அடியில் இருக்குமே, அதே வெள்ளைக் காரை, சுற்றிலும் கெட்டியாக. ஸ்க்ரூ டிரைவரால் ஒரு தட்டு தட்டினார், முட்டை ஓடு போலச் சில்லுச் சில்லாக விழுந்தது. ஹீட்டர் மட்டும் தனியாகக் கிடைக்காது, முழுதாக மாற்ற வேண்டும், 14,500 ரூபாய் என்றார். இரண்டு வருஷ வாரண்டி எப்போதோ முடிந்திருந்தது.

அப்புறம் அவரேதான் பட்டனை அழுத்திப் பிடித்து ஒரு எண்ணைக் காட்டினார். 4. "இது கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கு மேடம், யாருமே மாத்தலை" என்றார்.

அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். தண்ணீரில் இருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ள மெஷினின் அடியில் ரெசின் மணிகள் நிறைந்த ஒரு அறை இருக்கிறது. மணிகள் நிரம்பிவிட்டால் அவற்றை உப்புக் கரைசலால் கழுவித் திரும்பத் தயார்படுத்த வேண்டும், நாம் உப்புப் போடுவது அதற்குத்தான். எத்தனை தடவைக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பதை மெஷின் தானாகத் தெரிந்துகொள்வதில்லை, நாம் வைத்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. எங்கள் மெஷினில் 0 முதல் 7 வரை. எங்கள் தண்ணீரை லேபில் கொடுத்துப் பார்த்தபோது கடினத்தன்மை லிட்டருக்கு 540 மில்லிகிராம். கையேட்டில் இருப்பதோ ஜெர்மன் டிகிரி, ஒரு டிகிரி என்றால் 17.8 மில்லிகிராம். வகுத்துப் பார்த்தால் 30 டிகிரி, அதற்கு வைக்க வேண்டிய எண் 6. இந்தக் கணக்கை ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இரண்டு நிமிஷத்தில் போட்டுவிடலாம். அந்த இரண்டு நிமிஷத்தை முதல் நாளே யாரும் செலவழிக்காததால் எனக்குப் பதினாலாயிரத்து ஐநூறு ரூபாய் போனது.

இந்தியத் தரநிலையின்படி குடிநீரில் கடினத்தன்மை 200 வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆகவே எங்கள் தண்ணீரைக் குடிக்க முடியாத தண்ணீர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தென்சென்னைப் புறநகரில் சம்ப்பில் என்ன தண்ணீர் இருக்கிறது என்பதே வாரத்துக்கு வாரம் மாறும். சென்னைக் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ லாரி வந்தால் ஒன்று, தனியார் லாரி என்றால் வேறு, லாரியே வராவிட்டால் போர்வெல். சித்திரை வைகாசியில் போர் தண்ணீர் இன்னும் மோசமாகும். அதனால் மழைக்காலத் தண்ணீரை டெஸ்ட் செய்துவிட்டு அந்த எண்ணையே வருஷம் முழுக்க வைக்காதீர்கள். எந்த மாதம் மோசமோ அந்த மாதத்துக்கு ஏற்றபடி வையுங்கள், உப்பு கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான். மெட்ரோ தண்ணீர் மட்டும் வருகிற வீட்டுக்கு இவ்வளவு கவலை இருக்காது. வெளியூர்க்காரர்கள் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

உப்பு விஷயத்திலும் தப்பு நடக்கிறது. மாடி வீட்டில் ஒருவர் சாப்பாட்டு உப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். அதில் அயோடினும் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கிறது. கல் உப்பில் மண்ணும் மெக்னீசியமும் இருக்கும். இரண்டுமே அந்த ரெசினுக்கு ஆகாது. டிஷ்வாஷருக்கென்று விற்கிற உப்பைத்தான் போட வேண்டும், அதுவும் மெஷினை ஓடவிடப் போகும் நேரத்தில். ராத்திரி உப்பை நிரப்பிவிட்டுக் காலையில் ஓட்டினால், சிந்திய உப்புத் தண்ணீர் அத்தனை நேரமும் உள்ளே தேங்கி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே துருப்பிடித்துப் புள்ளி விழும்.

தண்ணீர் வடியவில்லை என்று சர்வீஸுக்குப் போன் செய்பவர்கள் முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். நம் வீட்டில் கறிவேப்பிலைக் காம்பு, புளிக் கோது, மிளகாய் விதை எல்லாம் அங்கேதான் போய் உட்காரும். பாத்திரத்தை முழுசாகக் கழுவி வைக்க வேண்டியதில்லை, எச்சிலைத் தட்டிவிட்டு வைத்தால் போதும், ஃபில்டரை வாரம் ஒருமுறை குழாயில் காட்டிக் கழுவ வேண்டும். ஃபில்டரை எடுக்கும் முன் சுற்றி இருப்பதைத் துடைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் உடைந்த டம்ளரின் ஒரு சின்னச் சில்லு அப்படித்தான் கீழே போய் வடிகால் பம்பின் விசிறியில் மாட்டி, நாள் முழுக்க ஊமைச் சத்தம் போட்டது. அலுமினிய இட்லித் தட்டு கறுத்துப்போகும். இரும்புக் கடாய், பித்தளை, ஈயச்சொம்பு, மரக்கரண்டி எதையும் உள்ளே விடாதீர்கள். பிளாஸ்டிக்கில் ஏறின மஞ்சள் கறை எந்த மெஷினிலும் முழுதாகப் போகாது. பல்லியும் கரப்பானும் அடியில் புகுந்து எலக்ட்ரானிக் போர்டைக் கெடுப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம், எலி டியூபைக் கடிப்பதும் உண்டு.

சரி, நான் கேட்பது இதுதான். ஏசி விற்கிறவர் அறையின் அளவைக் கேட்காமல் விற்பதில்லை. டிஷ்வாஷர் விற்கிறவர் தண்ணீரைப் பற்றி ஏன் கேட்பதில்லை? மாட்டும் நாளன்றே கடினத்தன்மையைப் பார்த்து, எண்ணை மாற்றிவைத்து, இரண்டையும் வாரண்டி அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கிற டெஸ்ட் கிட், கழுவும் மாத்திரைப் பெட்டி ஒன்றின் விலைகூட ஆகாது. பம்ப், போர்டு, ஹீட்டர் விலையை வாங்கும்போதே எழுதித் தர வேண்டும். கையேட்டைத் தமிழில் அச்சிட வேண்டும்.

உதிரி பாகமும் சட்டப்படி கிடைக்க வேண்டும். ஐரோப்பிய யூனியனில் 2021 மார்ச் முதல் இருக்கிற விதிப்படி, ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் டிஷ்வாஷரின் பம்ப், ஹீட்டர், போர்டு எல்லாம் 7 வருஷத்துக்கு மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க வேண்டும். கதவு ரப்பர், தண்ணீர் பீய்ச்சும் கை, ஃபில்டர், தட்டு அடுக்கும் கூடை எல்லாம் வாங்கினவருக்கே 10 வருஷத்துக்குக் கிடைக்க வேண்டும். கேட்ட 15 வேலை நாளில் அனுப்ப வேண்டும். நம் நாட்டில் மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது, அதில் கம்பெனிகளின் சர்வீஸ் விவரங்கள் இருக்கின்றன. ஆனால் இத்தனை வருஷம் பாகம் கொடுத்தே ஆக வேண்டும் என்று டிஷ்வாஷருக்கு ஒரு கட்டாயம் வந்தால்தான் என்னைப் போன்றவர்களுக்குப் பிரயோஜனம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷம் உழைக்கிற மெஷின் இது. நான்காவது வருஷமே மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவு கேட்டால், நடுத்தரக் குடும்பம் அதை ஓரமாக வைத்துவிட்டுப் பழையபடி தேய்க்கத்தான் போகும். தேய்ப்பது யாருடைய கை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதே அனுபவம் உள்ள வாசகர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். தண்ணீரைப் பார்க்காமல் மெஷினை மாட்டிவிட்டுப் போனார்கள் என்பதையும் ஒரு புகாராகச் சொல்லுங்கள்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் புதிதாக வாங்கிய நான்கு வீட்டுக்கும் போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மூன்று வீட்டில் எண் அதே 4. மூன்றையும் 6-க்கு மாற்றிவிட்டோம். நான்காவது வீட்டில் வேறு கம்பெனி மெஷின், ஆங்கிலக் கையேடு. அந்த வீட்டுப் பெரியவரும் நானும் ஒரு மணி நேரம் புரட்டினோம், எண்ணை எங்கே மாற்றுவது என்று இன்னும் கிடைக்கவில்லை. கம்பெனிக்குப் போன் செய்திருக்கிறார், ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேடவாக்கம், சென்னை