அந்த 43,860 ரூபாயக் கட்டாத தம்பி

தம்பி,

நேத்து ராத்திரி நீ 44 ஆயிரம் கேட்டதும் முடியாதுன்னு போன வச்சுட்டேன், உனக்குக் கோவம் வந்திருக்கும். போன்ல பேசுனா எனக்கு சத்தம் ஏறிடும், அம்மாவுக்குக் கேட்டுரும், அதான் வாசல்ல உக்காந்து டைப் பண்றேன். கண்ணாடி வேற சரியில்ல, பிழை இருந்தா கண்டுக்காத.

காசு வச்சு ஆடுற அந்த ஆன்லைன் கேம் ஆப்புலருந்து நீ அனுப்புன ஸ்கிரீன்ஷாட்ட பெருசு பண்ணி நாலு தடவ பாத்தேன். பேலன்ஸ் 1,46,200. எடுக்கப் போனா 30 பர்சன்ட் வரி 43,860 முதல்ல கட்டு, 24 மணி நேரத்துல மொத்தமும் வந்துரும், கட்டலேன்னா அக்கவுன்ட் லாக்குனு அந்த டெலிகிராம் ஏஜென்ட் சொல்றான். நீயும் நம்புற. படிச்சவன்டா நீ.

31 வருஷம் திண்டுக்கல் பழனி ரூட்ல பை மாட்டுனவன் நான். சில்லறை இல்லேன்னா டிக்கெட்டுக்குப் பின்னாடி பாக்கி எழுதிக் குடுப்பேன், ஒட்டன்சத்திரம் வர்றதுக்குள்ள ஆளு எந்திரிச்சு வந்து கைய நீட்டுவாரு. 80 ரூபா பாக்கி வேணும்னா முதல்ல 24 ரூபா குடுன்னு நான் கேட்டிருந்தா படிக்கட்டுலயே வச்சு மொத்திருப்பாங்க. வரி இருக்கறது நெசம்தான், 2023 ஏப்ரல்லருந்து ஆன்லைன் கேம்ல ஜெயிச்சதுக்கு 30 பர்சன்ட் டிடிஎஸ், அதாவது காசு குடுக்கறப்பவே புடிக்கற வரின்னு சட்டமே வந்துச்சு, ஆனா அத ஜெயிச்ச காசுலயே புடிச்சுகிட்டு மிச்சத்தத்தான் குடுக்கணும், தனியா க்யூஆர் அனுப்பி வாங்குற வழக்கமே கெடையாது. அதுலயும் பாரு, நீ கையிலருந்து போட்ட 18,000த்தக் கூட கழிக்காம மொத்தத் தொகைக்கும் கணக்குப் போட்டிருக்கான். கவர்மென்ட்டே அப்படிப் புடிக்காதுடா.

முதல் தடவ 1,200 எடுத்தப்ப பத்து நிமிஷத்துல வந்துச்சேன்னு கேட்ட. தூண்டில்ல புழு வைக்காம எவன் மீன் புடிக்கிறான்? அந்த 1,200 யாரு பேர்லருந்து வந்துச்சுன்னு பாத்தியா? நான் பாத்தேன், யாரோ ஒரு தனி ஆளு பேரு. நீ காசு போட்ட க்யூஆரும் ஒரு நாள் ஏதோ ஸ்டோர்ஸ், ஒரு நாள் டிரேடர்ஸ்னு மாறிகிட்டே இருக்கு. அதெல்லாம் வாடகைக்கு எடுத்த அக்கவுன்ட். நம்ம தெருவுல ஒரு பையனுக்கு இப்படித்தான் மூவாயிரமோ என்னமோ வந்துச்சு, அது வேற எவனையோ ஏமாத்துன காசாம், எங்கயோ வடக்க ஒரு ஸ்டேட் சைபர் போலீஸ் சொல்லி பேங்க்ல அவன் சம்பள அக்கவுன்ட்டையே ஃப்ரீஸ் பண்ணிட்டாங்க. ரெண்டு மாசம் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்குனான்.

இப்ப 43,860 கட்டுனேன்னு வையி, அடுத்து விஐபி லெவல் ஏத்தணும்பான், பேங்க் நம்பர் தப்பா போட்டுட்ட அதுக்கு ஃபைன்பான், போனஸ் வாங்கிருக்க அத 20 மடங்கு ஆடி முடிச்சாத்தான் ரிலீஸ்பான். ஸ்கிரீன்ல இருக்கற நம்பர அவன்தான டைப் பண்றான், அவன் நெனச்சா பத்து லட்சம்னு கூட காட்டுவான்.

உன்னத் திட்ட எனக்கு யோக்கியத இல்ல. 2003 ஜனவரில ஜெயலலிதா லாட்டரிய நிறுத்துற வரைக்கும் பஸ்ஸ்டாண்டு கடைல தெனம் ரெண்டு சீட்டு வாங்கி தோல் பைக்குள்ள வச்சவன்தான் உங்கப்பன். எப்பவாவது நூறு ரூபா விழும், அந்த நூறுக்கும் அதே கடைல சீட்டு வாங்கிட்டு வருவேன். அம்மாவுக்கு இது இன்னைக்கு வரைக்கும் தெரியாது, உளறிடாத.

இப்ப செய்ய வேண்டியத கேட்டுக்க. மொதல்ல சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடு, சைபர் கிரைம் போர்ட்டல்லயும் புகார் பதிவு பண்ணு, காசு போட்ட ஒவ்வொரு தடவைக்கும் யுடிஆர் நம்பர், அதான் பணம் போனதுக்கான ரெஃபரன்ஸ் நம்பர், எழுதி வச்சுக்க, சாட்ட அழிச்சுடாத. நாமளே மாட்டிக்குவோமோன்னு பயப்படாத, 2025 ஆகஸ்ட்ல ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட சட்டத்துல காசு வச்சு ஆட்டம் நடத்துறவனுக்குத்தான் 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 கோடி வரைக்கும் அபராதம், அந்தச் சட்டப்படி ஆடி ஏமாந்தவனுக்கு தண்டனை கெடையாது. ப்ளே ஸ்டோர்ல இல்லாம லிங்க்ல எறக்குன அந்த ஏபிகே ஆப்ப ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு தூக்கிரு, யுபிஐ பின் நம்பர மாத்து. ஆதார், பேன் போட்டோ, செல்ஃபி எல்லாம் குடுத்திருக்க, அதையும் புகார்ல சேத்து எழுது. இன்னும் ஒண்ணு, போன காச மீட்டுத் தரேன்னு ஒருத்தன் மெசேஜ் பண்ணுவான் பாரு, அவனும் இவன் ஆளாத்தான் இருப்பான், பதில் போடாத.

18,000 வரும்னு நான் சொல்லல. சீக்கிரம் சொன்னா அந்த அக்கவுன்ட்ல மிச்சம் கெடக்கறத நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு, அதனால இன்னைக்கே பண்ணு.

சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு ஓசூர் வரேன். அம்மாகிட்ட சும்மா உன்னப் பாக்கப் போறேன்னு சொல்லிருக்கேன், முறுக்கு சுட்டுகிட்டு இருக்கா. பேங்க் ஸ்டேட்மென்ட் ஆறு மாசத்துக்கு பிரின்ட் எடுத்து வை, வேற எவன்கிட்டயாவது கடன் வாங்கி போட்டிருந்தா அதையும் எழுதி வை, நான் வந்ததும் பாப்போம்.

அப்பா