“ஆச்சா பாப்பா?” என்று எனக்காகக் காத்திருந்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செல்லூரில் நம்ம பாட்டுக் கச்சேரிக் குழுவைப் பற்றிய ஆவணப்படம் போட்டு முடித்ததும் என்னை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. “எல்லாருக்கும் ரொம்ப நன்றி” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, ஐயோ அவரைச் சொல்லவில்லையே, இவரைச் சொல்லவில்லையே என்று ஒவ்வொரு முகமாக வந்துகொண்டே இருந்தது, விடியும்வரை தூக்கமில்லை. அதனால்தான் இந்த மடல். யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கிறபோது அவரவருக்கே தெரியும்.

முதலில் என் மாமாவுக்கு. 1986-ல் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அவர் கொண்டுவந்து கொடுத்த டூ-இன்-ஒன் (ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி) இல்லையென்றால் இதில் எதுவுமே நடந்திருக்காது. அப்பாவுக்கு அப்போது ஹார்வி மில்லில் வேலை. எங்கள் தெருவில் பங்குனிப் பொங்கலுக்குப் பாட்டுக் கச்சேரி வைக்கிற அன்றைக்கு எப்படியோ அவருக்கு ராத்திரி ஷிப்ட் வந்துவிடும். டி.எம்.எஸ். பாட்டு என்றால் அப்பாவுக்கு உயிர். 1922-ல் இதே மதுரையில் பிறந்த நம்ம ஊர்க்காரர் என்று, ஏதோ சொந்த அண்ணனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். குழுவில் டி.எம்.எஸ். குரலில் பாடுகிற அண்ணன் ஒருவர் இருந்தார், அவர் பாடுவதை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்க வேண்டும் என்பது அப்பாவுடைய ஆசை. எனக்கு அப்போது 13 வயது. சரி, அப்பாவால் வர முடியாவிட்டால் கச்சேரியை அப்பாவிடம் கொண்டுபோவோம் என்று டேப்பைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அன்றைக்குப் பதிந்தது ஒன்றுமே தேறவில்லை. கூம்பு ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறேன், எல்லாம் கரகரவென்று ஒரே இரைச்சல். அடுத்த கச்சேரியில் ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் தானாகவே வந்து, “இங்க உக்காந்தா சத்தம்தான்மா வரும், பாட்டு வராது” என்று சொல்லி என்னை மேடைக்குப் பின்பக்கமாகக் கூட்டிப்போய், தபேலாவுக்கு நாலடி தள்ளி, தார்ப்பாய் மறைவில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். அப்புறம் 12 வருஷம் அந்த இடம் என்னுடையதாகவே இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் மேடை போட்டதும் எனக்கு ஒரு ஸ்டூல் வந்துவிடும். ஆம்ப்ளிஃபயரிலிருந்தே ஒரு ஒயரை இழுத்து டேப்பில் சொருகியும் கொடுத்திருக்கிறார். அதில் பாட்டு சுத்தமாக இருக்கும். ஆனால் கைதட்டல் இருக்காது, விசில் இருக்காது, சுக்கு காபிக்காரர் குரல் இருக்காது. இன்றைக்குக் கேட்கும்போது, மைக்கில் பதிந்த கேசட்டில்தான் உயிர் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அண்ணே, ரெண்டுக்குமே உங்களுக்கு நன்றி.

அடுத்து என் அத்தைக்கு. வயசுப் பெண்ணை ராத்திரிக் கச்சேரிக்குத் தனியாக அனுப்ப முடியாது என்று அம்மா ஒரே பிடியாக நின்றபோது “நான் கூடப் போறேன் மதினி” என்று சொன்னவர். பாட்டில் அத்தைக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் வைகாசித் திருவிழா, அலங்காநல்லூர், வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் என்று நான் போன இடத்துக்கெல்லாம் வந்து, என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தபடியே தூங்குவார். தூக்கத்திலும் என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பார். போகும்போது பஸ்ஸில் போய்விடுவோம், வரும்போது பஸ் ஏது? குழு வேனில் டிரம்ஸ் பெட்டிக்கும் கீபோர்டுக்கும் நடுவில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் ஒதுக்கி, விடிகாலை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அம்மா கதவைத் திறக்கிறவரை வண்டியை எடுக்காமல் நிற்பார் டிரைவர் அண்ணன். ஒரு நாள்கூட அவர் காசு வாங்கியது இல்லை.

கீபோர்டு வாசித்த பெரியண்ணனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம்தான். பாதிப் பாட்டில் டக்கென்று நின்றுவிடும். கேசட்டை எடுத்துத் திருப்பி, தொடக்கத்தில் எதுவும் பதியாத வெறும் நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றி, திரும்ப உள்ளே போட்டு, ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்குவதற்குள் ஒரு சரணம் போய்விடும். அப்படிப் போன ஒரு பாட்டுக்காக நான் மேடைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்ததைப் பெரியண்ணன் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றையிலிருந்து ஏழெட்டுப் பாட்டு முடிந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். எதிரில் ஆயிரம் ஜனம் உட்கார்ந்திருக்கும், அறிவிப்பாளர் அடுத்த பாட்டைச் சொல்லி முடித்திருப்பார், ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். அவர் பாட்டுக்கு எனக்காகக் காத்திருப்பார். நான் பட்டனை அமுக்கிவிட்டுத் தலையாட்டினால்தான் கை கீபோர்டுக்குப் போகும். என் கேசட்டுகளில் பாதிக்கு மேல் இரண்டாம் பக்கம் அவர் குரலில்தான் தொடங்குகிறது: “ஆச்சா பாப்பா? சரி, போலாம்.”

படம் எடுத்த பிள்ளைகள் அதைத்தான் படத்தின் முதல் சத்தமாக வைத்திருந்தார்கள். திரையில் இன்னும் வெளிச்சம்கூட வரவில்லை. எனக்கு முன்கூட்டியே சொல்லவும் இல்லை. ஹாலில் அந்தக் குரல் வந்ததும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியண்ணன் திரும்பி என்னைத் தேடினார். 39 வருஷம் கழித்தும் நான் அதே மாதிரி தலையாட்டினேன் அண்ணே, இருட்டில் உங்களுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

அந்தக் குழு எங்கிருந்து வந்தது என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதையும் சொல்கிறேன். அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் தம்பிமாரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக மேடையேறினார். அதில் ஆர்மோனியம் வாசித்த தம்பி 1976-ல் சினிமாவுக்கு இசையமைக்கத் தொடங்கி என்ன ஆனார் என்பது உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் ஆர்மோனியம் தொடத் தெரிந்த ஒவ்வொரு பையனுக்கும், நாமும் நாலு பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பிக்கலாம் என்ற தைரியம் வந்தது. பெரியண்ணனும் அப்படி வந்தவர்தான். பகலில் தறி, ராத்திரி மேடை. சினிமாவில் நாற்பது வயலின் வாசித்ததை இவர் இரண்டு கையால் கொண்டுவர வேண்டும். புதுப் பாட்டு வந்தால் டீக்கடை ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்று நோட்டு எழுதுவார். அந்த நோட்டைப் படத்தில் காட்டினார்கள், ஓரமெல்லாம் டீக்கறை.

விடிய விடியக் கச்சேரி நடந்த காலம் அது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிக்குப் பிறகு ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்க முடியாது. நோயாளிகளையும் படிக்கிற பிள்ளைகளையும் நினைத்தால் அது சரிதான். ஆனால் எட்டு மணி நேரம் பாடிய குழுக்களுக்கு மூன்று மணி நேரம்தான் மிச்சம் என்று ஆனது, சம்பளமும் அதற்கேற்ற மாதிரிதான் வந்தது. குழுவில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போனது அந்தச் சமயத்தில்தான். படத்தில் அதை யாரையும் குற்றம் சொல்லாமல், வேனை விற்ற அன்றைக்கு எடுத்த ஒரே ஒரு போட்டோவை மட்டும் காட்டிச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்தது.

இப்போது கேசட் காப்பாற்றிய கதை. என்னிடம் இருந்தது மொத்தம் 37. அறுபது நிமிஷக் கேசட் 25, தொண்ணூறு நிமிஷம் 12. அப்பா இருந்தவரை தினமும் ஒன்று ஓடும். அவர் போன பிறகு பரணுக்குப் போய்விட்டது. சில வருஷங்களுக்கு முன்னால் சிடியில் மாற்றித் தருகிறோம் என்று சொன்ன ஒரு கடையில் நம்பிக் கொடுத்தேன், மூன்று கேசட்டின் நாடாவை அறுத்து, பூஞ்சை பிடித்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது, தூக்கிப் போடுங்கள் என்று கையில் கொடுத்துவிட்டார்கள். தூக்கிப் போட மனசு வரவில்லை.

மாசி வீதிப் பக்கம் பழைய ரேடியோ ரிப்பேர் பார்க்கிற பெரியவரிடம் படம் எடுத்த பிள்ளைகள்தான் என்னைக் கூட்டிப்போனார்கள். ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கேசட்டின் ஐந்து ஸ்குரூவையும் கழற்றி ஒரு எவர்சில்வர் மூடியில் வரிசையாக வைத்தார். உள்ளே நாடாவை டேப்பின் ஹெட்டோடு (நாடாவிலிருந்து சத்தத்தை எடுக்கிற பாகம்) அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்து போயிருந்தது. “இது இல்லேன்னா சத்தம் போயிப் போயி வரும்மா” என்று சொல்லி, வேறொரு பழைய கேசட்டைப் பிரித்து, என் நாடாவைச் சுருளோடு அப்படியே அந்தக் கூட்டுக்குள் மாற்றினார். பூஞ்சையைப் பொறுமையாகத் துடைத்து எடுத்தார். அறுந்த மூன்றையும் ஒட்டினார். அப்புறம் ஒவ்வொரு கேசட்டுக்கும் டேப்பின் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டி ஸ்குரூவை ஒரு மயிரிழை திருப்பித் திருப்பிக் காதை வைத்துக் கேட்டார். மூடிக்கிடந்த சத்தம் ஒரு இடத்தில் பளிச்சென்று திறந்துகொண்டது, ஜால்ரா தனியாகக் கேட்டது. கேசட்டை வேகமாக ஓட்டி ஏற்றுகிற குறுக்குவழிக்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 43 மணி நேரம் ஓடுகிறது என்றால் 43 மணி நேரமும் கூடவே உட்கார்ந்து கேட்டுத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றினார். கூலி எவ்வளவு என்று கேட்டால், எங்கள் தெருக் கச்சேரிக்குத் தானும் வந்திருப்பதாகச் சொல்லி, புதுப் பஞ்சு வாங்கிய காசை மட்டும் எடுத்துக்கொண்டார்.

படம் எடுத்த மூன்று பிள்ளைகளுக்கு: ஒன்றரை வருஷம் எங்கள் எல்லாருடைய வீட்டுக்கும் வந்து, போட்டுக் கொடுத்த காபியைக் குடித்து, சொன்னதையே திரும்பச் சொன்னாலும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டீர்களே, அதற்கு. பாடகர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் வேன் டிரைவரையும், ஜிகினா கோட் தைத்துக் கொடுத்த டெய்லர் அக்காவையும், நேயர் விருப்பச் சீட்டை மேடைக்கு எடுத்துப்போய்க் கொடுத்த பையனையும் (இன்றைக்கு அவருக்கு இரண்டு பேரப்பிள்ளைகள்) தேடிப் பிடித்தீர்களே, அதற்கு. 52 நிமிஷத்தில் யாரையும் அழ வைக்கப் பார்க்காமல் இருந்ததற்கு. மண்டபத்தை வாடகை இல்லாமல் கொடுத்தவருக்கும், அன்றைக்கு ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்த, நம்ம ஆம்ப்ளிஃபயர் அண்ணன் மகனுக்கும், 150 பேருக்கு நாற்காலி கேட்டால் 200 அனுப்பி அத்தனையும் நிறைந்தபோது இன்னும் 30 எடுத்து வந்த தம்பிக்கும் நன்றி. டி.எம்.எஸ். குரல் அண்ணனுக்குத் தனியாக. 2013-ல் டி.எம்.எஸ். இறந்த அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, அப்பா படத்துக்கு முன்னால் ஒரு பாட்டுப் பாடிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனீர்கள். அப்பா ஆசைப்பட்டபடி நேரில் கேட்டது அந்தப் படம்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கடைசியாகத் தபேலா அண்ணன் வீட்டு அக்காவுக்கு. அண்ணன் போய் 11 வருஷம் ஆகிறது. படத்தில் ஒரு இடத்தில் ஒரு நிமிஷத்துக்குத் திரை கறுப்பாக நிற்கும். பாட்டு ஒன்றும் இல்லை. முதலில் சைக்கிள் சாவி கண்டெடுக்கப்பட்டது, உரியவர் மேடைக்கு வரவும் என்ற அறிவிப்பு. அதற்குப் பின்னால், என் ஸ்டூலுக்கு நாலடி தள்ளி, அண்ணன் அடுத்த பாட்டுக்குச் சுதி சேர்க்கிறார். சுத்தியலால் விளிம்பில் ஒரு தட்டு, விரலால் ஒரு தட்டு. திரும்பச் சுத்தியல், திரும்ப விரல். சுதி கூடி வந்ததும் தொண்டைக்குள்ளேயே ஒரு “ம்”. அவ்வளவுதான். யார் என்று திரையில் எழுத்துக்கூடப் போடவில்லை. நீங்கள் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து நின்று, “இது அவுகதான், இது அவுக ‘ம்’தான்” என்று பக்கத்தில் இருந்த பேத்தியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அவர் குரல் ஒரு துண்டுகூட வீட்டில் இல்லை என்று படம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்.

அக்கா, திரும்ப 37 கேசட்டையும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை 19 முடிந்திருக்கிறது. அண்ணன் சுதி சேர்க்கிற இடம் 61 கிடைத்தது. ஒரு இடத்தில் அவர் பெரியண்ணனிடம் “டீ சொல்லுங்கண்ணே, விரல் விறைச்சுப் போச்சு” என்று முழுசாகவே பேசுகிறார். எல்லாவற்றையும் வரிசையாகப் பென்டிரைவில் போட்டுவிட்டேன், உங்கள் வீட்டு டிவியிலேயே சொருகிக் கேட்கலாம் என்று என் மகன் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். பேத்தியையும் இருக்கச் சொல்லுங்கள்.