பலாலி விமானம் சுற்றிப் போகவில்லை

ஆசிரியருக்கு,

யாழ்ப்பாண விமான நிலையமான பலாலியிலிருந்து சென்னைக்குப் போகும் விமானம் எங்கேயோ சுற்றிப் போகிறது என்று கடந்த ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவிலிருந்து போனாலும் ஏறக்குறைய அதே நேரம்தானே, கிட்ட இருக்கிற பலாலிக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் விமானம் சுற்றவில்லை. புவியியல் படிப்பித்தவள் என்ற முறையில் இதை விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

அட்லஸை விரித்துப் பாருங்கள். பலாலியும் சென்னை விமான நிலையம் இருக்கிற மீனம்பாக்கமும் 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டை ஒட்டி, நேர் மேலும் கீழுமாக இருக்கின்றன. பலாலி 9.8 பாகை வடக்கு, மீனம்பாக்கம் 13 பாகை. வித்தியாசம் 3.2 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று பெருக்கினால் 355 கிலோமீற்றர் வரும். கட்டுநாயக்காவிலிருந்து இதே கணக்குப் போட்டால் 645 கிலோமீற்றர்.

கட்டுநாயக்காவிலிருந்து பறப்பது ஜெட், மணிக்கு 800 கிலோமீற்றர் அளவில் போகும். பலாலிக்கு வருவது ஏடிஆர் 72. குறுகிய ஓடுபாதையிலும் இறங்கக்கூடிய விசிறி விமானம், வேகம் 500தான். இரண்டுக்கும் ஆகாயத்தில் முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடக்குறைய ஆகும். ஆனால் அட்டவணையில் போடுவது வெறும் பறக்கும் நேரம் அல்ல. தரிப்பிடத்தை விட்டு நகர்வது, ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பது, மேலெழுவது, இறங்கி மறுபடி தரிப்பிடத்துக்கு வருவது எல்லாம் சேர்த்துத்தான் ஒன்றேகால் மணித்தியாலம். சந்தேகம் இருந்தால் 2025 மார்ச்சில் தொடங்கிய திருச்சி சேவையைப் பாருங்கள். தூரம் 185 கிலோமீற்றர், சென்னையின் பாதி. நேரமோ ஒரு மணித்தியாலம் அளவில்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் என் சித்தப்பா. கண் சத்திரசிகிச்சைக்குச் சென்னை போக வேண்டியிருந்தது. "இரண்டும் ஒரே நேரம்தான் ஐயா" என்று சொல்லி ஒரு பயண முகவர் கட்டுநாயக்கா வழியாகப் பதிந்து கொடுத்துவிட்டார். எழுபத்தெட்டு வயது மனிதர், இரவு முழுக்க பஸ்ஸில் தெற்கே 350 கிலோமீற்றருக்கு மேல் போய், விடிய விமான நிலையத்தில் குந்தியிருந்து, பிறகு அந்தத் தூரத்தையெல்லாம் திரும்ப வடக்கே பறந்தார். யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலால் பறந்திருப்பார் என்றுகூடச் சொல்லலாம். சென்னையில் இறங்கும்போது கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. அட்டவணையில் இரண்டும் ஒரே நேரம்தான், சரி. வீட்டுப் படலையிலிருந்து கணக்குப் பார்த்தால் ஒன்று அரை நாள், மற்றது ஒன்றரை நாள்.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். விமானச் சேவைச் செய்திகளில் "ஒரு மணி நேரப் பயணம்" என்று மட்டும் போடாதீர்கள். விமான நிலையங்களுக்கிடையிலான நேர்த்தூரம், அட்டவணை நேரம், எத்தனை மணிக்கு அங்கே நிற்க வேண்டும், யாழ் நகரிலிருந்து இரு வழியாலும் மொத்தம் எவ்வளவு நேரம் என்பவற்றையும் சேர்த்துப் போடுங்கள். பலாலிக் கட்டணம் கூடவென்றால் அதையும் பக்கத்திலேயே போடுங்கள். வைத்தியத்துக்குப் போகிறவர்கள் பார்த்துத் தீர்மானிக்கட்டும்.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
நெல்லியடி.