கயல்விழிக்கு வந்த இரண்டு அழைப்புகள்

கொலம்பஸ், ஓஹியோ

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. கயல்விழியை இங்குள்ள ஒரு கல்லூரி மதிப்பெண்ணுக்காகவும் மற்றொன்று டென்னிஸுக்காகவும் உதவித்தொகை தந்து அழைத்திருப்பதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

எதில் பணம் கூடுதல் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன், எது யார் கையில் இருக்கிறது என்று பார். கல்வி உதவித்தொகை பெரும்பாலும் கல்லூரியே தருவது, குறிப்பிட்ட ஜி.பி.ஏ.வை (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி), பல இடங்களில் 3.0 அல்லது அதற்குச் சற்று மேல், விடாமல் வைத்திருந்தால் நான்கு ஆண்டும் தொடரும். விளையாட்டு உதவித்தொகையோ நெடுங்காலம் பயிற்சியாளரின் விருப்பத்தோடு பிணைந்திருந்தது. 1973 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அதை ஓராண்டுக்கு மட்டுமே வழங்க விட்டது. 2012இல்தான் பல ஆண்டு ஒப்பந்தத்துக்கு மீண்டும் வழி பிறந்தது. ஆனாலும் ஓராண்டுக் கடிதம் கொடுக்கும் கல்லூரிகள் இன்னும் உண்டு.

என் மகன் நீச்சலில் அப்படி ஒரு கடிதத்தோடுதான் சேர்ந்தான். அன்றைய விதிப்படி என்.சி.ஏ.ஏ.வின் மூன்று பிரிவுகளில் உயர்ந்ததான முதல் பிரிவில் ஆண்கள் நீச்சல் அணி முழுவதற்கும் 9.9 முழு உதவித்தொகைகளின் அளவுதான், அதைப் பங்கிட்டதில் அவனுக்குக் கிடைத்தது கால்பங்கு. இரண்டாம் ஆண்டில் தோள்பட்டை பழுதானது. அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கவில்லை. படிப்புக்காகத் தனியே கிடைத்த தொகை இல்லாதிருந்தால் அவன் பாதியில் திரும்பியிருப்பான். அந்தக் கோடை முழுவதும் நானும் அவன் தாயும் உறங்காமல் கணக்குப் போட்டதை இன்றும் மறக்க முடியவில்லை.

டென்னிஸுக்குப் போனாலும் படிப்பைத் தள்ளி வைக்க முடியாது. முதல் பிரிவில் ஆடத் தொடங்கவே உயர்நிலைப் பள்ளியின் 16 முதன்மைப் பாடங்களில் 2.3 ஜி.பி.ஏ. வேண்டும். போட்டிப் பருவத்தில் வாரம் 20 மணி நேரப் பயிற்சி வரம்பு உண்டென்றாலும் பயண நேரம் அதில் சேராது. அவள் உயிரியல் படிக்க விரும்புவதால் ஆய்வக வகுப்புகளைப் பற்றி எனக்குக் கவலையாக இருக்கிறது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும் ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்கென்று பணம் தருவதே இல்லை என்பதையும் அவளிடம் சொல்லிவை.

டென்னிஸ் கல்லூரியின் கடிதத்தில் ஓராண்டு என்றிருக்கிறதா, நான்காண்டு என்றிருக்கிறதா? காயம்பட்டால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேள். பயிற்சியாளர் வேலை மாறிப் போனால் என்ன என்றும் கேள். கையெழுத்திடும் முன் நகலை எனக்கு அனுப்பு, ஞாயிறன்று அவளோடு சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
முருகேசன்