உயரத்தை அளந்து ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் அடிக்கடி நாலு வரிச் செய்தி ஒன்று வரும். 14 வயதுக்கு உட்பட்ட மாவட்டக் கால்பந்து அணிக்கான தேர்வு, ஞாயிறு காலை 7 மணி, பிறப்புச் சான்றிதழும் ஆதார் நகலும் கொண்டுவரவும், அவ்வளவுதான். அந்த நாலு வரியை நம்பி விடிவதற்கு முன்பே பஸ் ஏறி வருகிற பிள்ளைகளுக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்தில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன், இப்படிப்பட்ட செலக்‌ஷன்களுக்குப் பல வருடங்களாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே கிரவுண்ட், நூறு நூற்றைம்பது பிள்ளைகள், இரண்டு மூன்று தேர்வாளர்கள். முதலில் ஓட விடுவார்கள், அதிலேயே பாதிப் பேர் கழிந்துவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களை ஒருவரையொருவர் தெரியாத அணிகளாகப் பிரித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆடச் சொல்வார்கள். இந்தப் பதினைந்து நிமிடத்தில் எந்தப் பையனும் பாஸ் கொடுக்க மாட்டான், ஏன் கொடுக்க வேண்டும், கொடுத்தால் அவனை யார் பார்ப்பார்கள்? பந்து கிடைத்தவன் தலையைக் குனிந்துகொண்டு நேராக ஓடுவான். உயரமானவன், தொடை பருத்தவன், தோளால் இடித்துத் தள்ளுகிறவன் கண்ணில் படுவான். பந்து வருவதற்கு முன்பே திரும்பிப் பார்த்து, காலியான இடத்தில் போய் நின்று, கையைத் தூக்கிக் கேட்கிற சின்னப் பையனுக்குக் கடைசிவரை பந்தே வராது. உண்மையில் அந்த மைதானத்திலேயே ஆட்டம் தெரிந்தவன் அவனாகத்தான் இருப்பான். மதியம் பட்டியலை வாசிக்கும்போது அவன் பெயர் இருக்காது. ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவும் ஆள் இருக்காது.

தேர்வாளர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை, பலர் நன்றாக ஆடியவர்கள். ஆனால் இந்த முறையில் யார் உட்கார்ந்தாலும் வளர்ந்த பையனைத்தான் எடுப்பார்கள். வயதுக் கணக்கு ஜனவரி 1-ஐ வைத்துத்தான். அப்படியென்றால் ஒரே வருடத்தில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் மோதுகிறார்கள், இருவருக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருடம். முப்பது வயதில் ஒரு வருடம் ஒன்றுமில்லை, பன்னிரண்டு வயதில் அது பெரிய விஷயம். ஐரோப்பிய கிளப்புகளின் அகாடமிகளில் வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்த பிள்ளைகள் கடைசி மூன்று மாதக்காரர்களைவிட வெகு அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. டிசம்பரில் பிறந்தவர்களுக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவர்களை எடுக்கவில்லை என்பதுதான் விஷயம். எங்கள் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் எழுதியதுதான் பிறந்த தேதி. இன்றைய பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியிலேயே பிறப்புப் பதிவாகிவிடுவதால் எந்த மாவட்டமும் தன் அணியின் பிறந்த மாதங்களை எண்ணிப் பார்த்துவிடலாம். ஒரு மணி நேர வேலை.

பிறந்த மாதத்தைவிடப் பெரிய வித்தியாசம் உடம்பு வளர்கிற வேகத்தில் இருக்கிறது. பையன்கள் திடீரென்று நெடுநெடுவென வளர்வது சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டி, ஆனால் ஒருவனுக்குப் பன்னிரண்டிலேயே ஆரம்பிக்கும், இன்னொருவனுக்குப் பதினாறு ஆகும். 13 வயதுப் பையன்கள் இரண்டு பேரின் எலும்பு வளர்ச்சியில் மூன்று நான்கு வருட வித்தியாசம்கூட இருக்கலாம். முன்னால் வளர்ந்தவன் பலத்தாலேயே கோல் போட்டுப் பழகுகிறான், மற்றவர்கள் அவன் உயரத்தை எட்டிப் பிடித்த பிறகு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரிவதில்லை. பதினேழு வயதில் அவனும் காணாமல் போகிறான். பின்னால் வளர்கிறவனை நாம் பதிமூன்றிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இரண்டு பேருமே நமக்கு இல்லை.

2018 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மாஸ்கோவில் பிரான்ஸும் குரோஷியாவும் ஆடியது. பிரான்ஸின் கிரீஸ்மன் சின்ன வயதில் உயரம் போதாது என்று சொந்த நாட்டுக் கிளப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிய பையன். கடைசியில் ஸ்பெயினின் ரியல் சொசிடாட் எடுத்து வளர்த்தது. எதிரணித் தலைவர் மோட்ரிச்சை ஹாய்டுக் ஸ்பிளிட் கிளப் இதே காரணத்தைச் சொல்லி, ஒல்லியாக இருக்கிறான், பலமில்லை என்று, சிறுவனாக இருந்தபோதே வேண்டாமென்றது. அந்த இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் கிரீஸ்மன், தொடரின் சிறந்த ஆட்டக்காரர் மோட்ரிச். அவர்களுக்கு இன்னொரு கதவு திறந்திருந்தது. நம் பிள்ளைகளுக்கு மாவட்டத் தேர்வில் பெயர் வராவிட்டால் அடுத்த கதவு எது?

அதில் வயது மோசடி வேறு. 14 வயதுப் பிரிவுக்குப் பதினாறு வயதுப் பையனைக் கூட்டிவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேசிய அளவில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறார்கள், கீழே மாவட்ட மைதானத்தில் மீசை அரும்பியவனும் பால்பல் விழுந்த இடம் இப்போதுதான் நிரம்பியவனும் ஒரே ஜெர்சியில் நிற்கிறார்கள். யார் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று பார்க்க எக்ஸ்ரேகூடத் தேவையில்லை. பி.டி. சார் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பள்ளிச் சுவரில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்துவைத்தாலே போதும், யார் வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று ஓரளவு தெரிந்துவிடும். இன்னொரு நன்மையும் உண்டு. வேகமாக வளர்கிற மாதங்களில்தான் முட்டிக்குக் கீழே எலும்பில் வலி வரும், ஓட்டம் தடுமாறும், பந்தைக் காலோடு தட்டிக்கொண்டு போகிற பழகிய டிரிபிளே காலுக்கு வராது. அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டி, வலியோடு ஓடவிட்டுப் பிள்ளைகளை விரட்டிவிடுகிறோம். அந்தச் சமயத்தில் ஓட்டத்தைக் குறைத்துப் பந்தோடு மட்டும் விடுங்கள் என்று சொல்லத் தெரிந்த கோச் எத்தனை பேர்?

சரி, வேறு என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். ஜெர்மனி செய்ததைப் பார்க்கலாம். 2000-இல் நடந்த, ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையில் அவர்கள் ஒரே ஒரு புள்ளியோடு குரூப்பில் கடைசி இடம் பிடித்து வெளியேறினார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு பெரிய கிளப்புகள் அகாடமி நடத்தியே ஆகவேண்டும் என்றார்கள். அதோடு நிற்காமல் 2002-இல் நாடு முழுக்க, கிராமப்புறங்களையும் சேர்த்து, 366 இடங்களில் பயிற்சி மையங்களைத் திறந்தார்கள். பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்க் கிளப்பிலேயே ஆடிக்கொண்டு, வாரம் ஒருநாள் அந்த மையத்துக்கு வந்து கூடுதல் பயிற்சி எடுப்பார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரு பிள்ளையை ஒரே கோச் வாராவாரம், வருடக்கணக்கில் பார்க்கிறார் என்பதுதான். இன்று சுமாராக ஆடியவனை அடுத்த வாரமும் பார்ப்பார். 2014-இல் அவர்கள் உலகக் கோப்பை வாங்கினார்கள்.

நமக்கு எங்கே இதெல்லாம் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. ஒன்றியத்துக்கு ஒரு மையம், வாரத்தில் ஒரு மாலை, ஏற்கெனவே இருக்கிற ஒரு அரசுப் பள்ளி மைதானம், உரிமம் பெற்ற ஒரு கோச்சுக்கு ஒழுங்கான சம்பளம், இருபது பந்து. 234 தொகுதிகளிலும் சிறு விளையாட்டரங்கம் கட்டும் திட்டத்தை அரசு அறிவித்திருக்கிறது, நல்ல விஷயம்தான், ஆனால் கட்டடத்துக்குக் கொடுப்பதில் கொஞ்சத்தை அங்கே நின்று சொல்லிக்கொடுக்கிற ஆளுக்கும் ஒதுக்குங்கள். அப்போது மூன்றரை லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்து 2016 யூரோவில் இங்கிலாந்தை 2-1 என்று வென்றது. அங்கே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கூட உரிமமும் சம்பளமும் உள்ளவர். இங்கே பிள்ளைகளோடு நிற்கிற பலர் பகலில் மீன்பிடித் துறைமுகத்திலோ ஆட்டோவிலோ வேலை பார்த்துவிட்டுத் தங்கள் கைக்காசில் பந்து வாங்குகிறவர்கள். அவர்களை எனக்குத் தெரியும்.

திறமை இல்லாத மண் இல்லை இது. எங்கள் பக்கம் இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ், இந்தியாவின் பெரிய கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல். வரை போனார். சென்னை வியாசர்பாடியின் தெருக்களிலிருந்து தன்பால் கணேஷ் இந்திய அணிக்கு ஆடினார். காரைக்குடிப் பக்கத்துச் சிவசக்தி நாராயணன், முன்னாள் இந்திய ஆட்டக்காரர் ராமன் விஜயன் நடத்தும் அகாடமியில் பயின்றவர், 2022-23 ஐ.எஸ்.எல்.லில் வளரும் வீரர் விருது வாங்கினார். இவர்களில் யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேர்வால் உருவாகவில்லை, ஊரில் யாரோ ஒருவர் வருடக்கணக்கில் கூடவே நின்றார். பெண்களைப் பாருங்கள், தமிழ்நாட்டு அணி 2018-லும் 2023-லும் தேசிய சீனியர் சாம்பியன்ஷிப் வாங்கியது, மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. அத்தனைக்குப் பிறகும் எத்தனை மைதானத்தில் பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஓர் அறை இருக்கிறது? பதிமூன்று வயதில் அவர்கள் நின்றுபோவதற்கு அது ஒன்றே போதும்.

போட்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பள்ளி விளையாட்டுகள் பெரும்பாலும் நாக்-அவுட். முதல் ஆட்டத்தில் தோற்ற அணிக்கு அந்த வருடம் முடிந்தது, ஒரு பிள்ளைக்கு வருடத்தில் ஒரே ஆட்டம். ஒரே ஆட்டத்தில் என்ன கற்றுக்கொள்வான்? ஜெயித்தே ஆகவேண்டும் என்பதால் பி.டி. சாரும் பெரிய பையன்களைத்தான் இறக்குவார், பந்தைத் தூக்கி முன்னால் அடிக்கத்தான் சொல்வார், அவரைக் குறை சொல்ல முடியாது. முதலமைச்சர் கோப்பையில் பள்ளிப் பிரிவுக்கு 12 முதல் 19 வயது வரை. அதில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எந்த இடத்தில் ஆடுவான்? ஒன்றியத்துக்குள் ஐந்தாறு பள்ளிகள் சேர்ந்து சனிக்கிழமைகளில் ஏழு பேர் கொண்ட லீக் வைத்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்துப் பதினைந்து ஆட்டம் கிடைக்கும். எங்கள் கடற்கரை ஊர்களில் சங்கத்துப் பையன்கள் செவன்ஸ் போட்டிகளைத் தாங்களே நடத்துகிறார்கள், அரசுக்கு மட்டும் அது ஏன் முடியாது?

அப்புறம் சர்ட்டிஃபிகேட். அரசு வேலையில் 3 சதவீத ஸ்போர்ட்ஸ் கோட்டா இருப்பது ஏழைப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆதரவு, அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் சான்றிதழுக்காகவே அணியில் இடம் கேட்டு வருகிற சிபாரிசுகளும் இருக்கின்றன. நான் கூட்டிப்போன ஒரு பையனின் இடம் அப்படித்தான் கடைசி நிமிடத்தில் போனது, அவன் இப்போது பந்தைத் தொடுவதில்லை. தேர்வாளர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன மதிப்பெண் போட்டார்கள் என்று அன்றே சுவரில் ஒட்டினால் இதில் பாதி நின்றுவிடும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தேர்வு அறிவிப்பு கொண்டுவருகிறவர்களிடம் உங்கள் நிருபர் சிலவற்றைக் கேட்கட்டும். போன வருடம் எத்தனை பேர் வந்தார்கள், எடுத்தவர்கள் எந்தெந்த மாதத்தில் பிறந்தவர்கள், எடுக்காதவர்களை மறுபடி எப்போது பார்ப்பீர்கள் என்று. பதிலையும் அந்த அறிவிப்புக்குக் கீழேயே போடுங்கள்.

இப்படிக்கு,
கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்